நுரைக்கு ஒரு வரலாறு, மணத்துக்கு இன்னொன்று

இத்தாலியச் சலூன்களில் வருடக் கடைசியில் ஓர் அழகான வழக்கம் இருந்தது. சவரம் முடித்து நாற்காலியை விட்டு எழும் வாடிக்கையாளரின் கையில் நாவிதர் ஒரு குட்டி நாட்காட்டியைக் கொடுப்பார். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும் அளவு. நாலைந்து தாள்கள், அவற்றைக் கோத்த பட்டு நூல், நூலின் நுனியில் ஒரு குஞ்சம். தாளுக்குத் தாள் ஓபரா பாடகிகள், நடனப் பெண்கள், பின்னாளில் சினிமா நட்சத்திரங்கள். தாள் முழுக்க வாசனை ஏற்றியிருப்பார்கள். மிலான் நகரத்து மிகோனே போன்ற வாசனைக் கம்பெனிகள் இவற்றை அச்சிட்டன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய இந்தப் பழக்கம், 20ஆம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டியும் நீடித்தது. வீட்டுக்குப் போன பிறகும் சலூனின் மணம் சட்டைப் பையில் இருந்துகொண்டே இருக்கும். அடுத்த சவரத்துக்கு அதைவிட நல்ல அழைப்பிதழ் வேறு கிடையாது.

சவர சோப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நுரை எப்படி? மணம் எப்படி? இரண்டும் ஒரே கட்டியில் இருப்பதால் கூடப்பிறந்தவை போலத் தோன்றும். ஆனால் நுரை வந்தது கொழுப்பு காய்ச்சிய கொப்பரையிலிருந்து. மணம் வந்தது வாசனை வியாபாரியின் குப்பியிலிருந்து. வெவ்வேறு தெருவில் நடந்த இரண்டு தொழில்கள் நாவிதரின் கிண்ணத்தில்தான் சந்தித்தன. எந்த ஊரில், எந்தக் காலத்தில் சந்தித்தன என்பதை வைத்து ஒவ்வொரு நாட்டுச் சோப்புக்கும் ஒரு குணம் அமைந்தது. இத்தாலியச் சோப்பு என்றால் பாதாம். லண்டன் சோப்பு என்றால் லாவெண்டரும் சந்தனமும். துருக்கிச் சோப்பு என்றால் எலுமிச்சை.

பாதாமிலிருந்தே தொடங்கலாம். மிலானில் 1899இல் பிறந்த செல்லா சவர சோப்பு இன்றும் விற்பனையில் இருக்கிறது. சிவப்புப் பெட்டி. மூடியைத் திறந்ததும் கசப்புப் பாதாமின் மணம் முகத்தில் வந்து மோதும். கட்டி என்று சொன்னாலும் இது கட்டியல்ல. பிசைந்த மாவைப் போன்ற பதம். வீட்டுக்குச் சின்ன டப்பா, சலூனுக்கு ஒரு கிலோ பாளம். நாவிதர் பாளத்திலிருந்து கொஞ்சம் கிள்ளிக் கிண்ணத்தின் அடியில் அப்பிவிட்டு வேலையைத் தொடங்குவார்.

இந்த மென்பதமும் பாதாம் மணமும் செல்லாவுக்கு முன்பே ஜோடி சேர்ந்தவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சவரத்துக்குப் பேர்போன சரக்கு ‘நேப்பிள்ஸ் சோப்பு’. ஜாடியில் அடைத்துவந்த மென்சோப்பு அது. லண்டன் வாசனைக் கலைஞர் செப்டிமஸ் பீஸ் 1855இல் வெளியிட்ட ‘வாசனைக் கலை’ நூலில் ‘பாதாம் கிரீம்’ என்ற சவர சோப்பைச் செய்யும் முறை வருகிறது. பன்றிக் கொழுப்பைப் பொட்டாஷ் காரத்தோடு காய்ச்சி, ஆறிய சோப்பைக் கல்லுரலில் போட்டு இடிக்க வேண்டும். இடிக்க இடிக்க அதில் முத்தின் பளபளப்பு ஏறும். அதன் பிறகுதான் பாதாம் எண்ணெய் சேரும். உரலும் உலக்கையும் சவர சோப்புக்குக் கருவியாக இருந்த காலம் அது.

பாதாம் மணத்துக்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. கசப்புப் பாதாமை நீரில் ஊறவைத்து வடித்தால் மணம் தரும் பென்சால்டிஹைடோடு ஹைட்ரோசயனிக் அமிலமும் சேர்ந்து வரும். அது கொடிய விஷம். அதைப் பிரித்தெடுத்தால்தான் எண்ணெய் முகத்துக்கு ஆகும். விலையும் அதிகம். எனவே மலிவுச் சோப்புக்காரர்கள் ‘மிர்பேன்’ என்ற பெயரில் நைட்ரோபென்சீனைக் கலந்தார்கள். மூக்குக்கு அது பாதாம் போலவே இருந்தது, ஆனால் அதுவும் நஞ்சு. பிற்பாடு தொலுயீனிலிருந்து பென்சால்டிஹைடைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகே பாதாம் மணம் மலிவாகவும் நிம்மதியாகவும் கிடைக்கத் தொடங்கியது.

இந்த மணத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. இத்தாலிய வேதியியலாளர் ஸ்தானிஸ்லாவோ கன்னிஸாரோ 1853இல் பென்சால்டிஹைடை வலுவான பொட்டாஷ் காரத்தோடு சேர்த்துப் பார்த்தார். அது பென்சோயிக் அமிலமாகவும் பென்சைல் ஆல்கஹாலாகவும் பிரிந்துபோனது. பாதாம் மணம் போயே போய்விட்டது. அவர் சோப்பு செய்யவில்லை. ஆனால் பாதாம் சவர சோப்பில் இருப்பவை அதே இரண்டு பொருள்கள்தான்: பென்சால்டிஹைடும் பொட்டாஷும். சோப்பில் காரம் தீராமல் மிஞ்சினால் மணம் பெட்டிக்குள்ளேயே சாகும். காரத்தை முழுக்கக் கொழுப்புக்கு ஊட்டி முடிப்பவர்தான் மணத்தைக் காப்பாற்றுகிறார். கொப்பரைக்காரரின் கைத்திறம் வாசனைக்காரரின் சொத்தைக் காவல் காக்கும் இடம் இது.

‘காரம்’ என்ற சொல்லை இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஈழத்தில் சோப்பைச் சவர்க்காரம் என்றுதான் சொல்வார்கள். சவரத்தோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். ஆனால் பின்னால் வரும் காரம் தற்செயல் அல்ல. சோப்பின் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது. வண்ணார் உவர்மண் போட்டுத் துணி வெளுத்ததும் அந்தக் காரத்தை நம்பித்தான். சோடா காரத்தில் காய்ச்சினால் சோப்பு இறுகிக் கட்டியாகும். பொட்டாஷ் காரத்தில் காய்ச்சினால் இளகி நிற்கும், தண்ணீரில் சட்டென்று கரையும். சவர சோப்புக்காரர்கள் இரண்டையும் கலப்பார்கள். எந்தக் காரம் எவ்வளவு என்பதை வைத்தே ஒரு சோப்பு கிண்ணத்துக்குப் போகுமா, கட்டியாக நிற்குமா, குச்சியாக உருளுமா என்பது முடிவாகும்.

நெடுங்காலமாகச் சவரத்துக்கென்று தனிச் சோப்பே இருந்ததில்லை. 1605இல் வெளியான ‘டான் கிஹோத்தே’ நாவலில், மழைக்காகத் தலையில் பித்தளைச் சவரத்தட்டைக் கவிழ்த்துக்கொண்டு வரும் நாவிதரைப் பார்த்து, அது மாயத் தலைக்கவசம் என்று கதாநாயகன் பிடுங்கிக்கொள்கிறான். கழுத்தில் பொருந்துவதற்காகப் பிறை வடிவில் ஓரம் வெட்டிய தட்டு அது. வாடிக்கையாளர் அதைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொள்ள, நாவிதர் கையாலேயே சோப்புத் தண்ணீரைத் தாடியில் தேய்ப்பார். பாரிஸ் கத்திக் கொல்லர் ழான்-ழாக் பெரே 1769இல் தனக்குத்தானே சவரம் செய்துகொள்வதைக் கற்றுத்தர ஒரு புத்தகமே எழுதினார். அதுவரை பெரும்பாலும் இன்னொருவர் கையில் இருந்த கத்தி மெல்ல வீட்டுக்குள் வந்தது. கத்தி வீட்டுக்கு வந்தால் சோப்பும் வந்துதானே ஆக வேண்டும்?

நுரையின் கதை உண்மையில் திரும்பிய இடம் ஒரு பிரெஞ்சு ஆய்வுக்கூடம். மிஷேல் செவ்ரோல் ஆட்டுக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று ஒவ்வொன்றாகச் சோப்பாக்கி, பிறகு அந்தச் சோப்பைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார். 1823இல் வெளியான அவரது நூல்தான் கொழுப்பு வேதியியலுக்கு அடித்தளம். ஸ்டியரிக் அமிலத்தை உலகுக்குக் காட்டியவர் அவர்தான். அது சுமார் 69 டிகிரி வெப்பத்தில்தான் உருகும். வெள்ளையான, மெழுகு போன்ற பொருள். முதலில் அது மெழுகுவர்த்திக்குப் போனது. புகையாமல் நின்று எரியும் வர்த்தியை அது கொடுத்தது. பிற்பாடு அதே வெள்ளைப் பொருள் சவரக் கிண்ணத்துக்கும் வந்தது. இன்று நல்ல சவர சோப்பின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பொருள் பட்டியலின் முதல் வரிகளில் ஸ்டியரிக் அமிலம் இருக்கும்.

காரணத்தை விரலாலேயே தொட்டுப் பார்க்கலாம். துணி சோப்பையோ குளியல் சோப்பையோ குழைத்தால் பெரிய பெரிய குமிழ்கள் வரும், ஒரு நிமிடத்தில் உடைந்து தண்ணீராகிவிடும். தேங்காய் எண்ணெயின் குணம் அது. அதில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். அது சீக்கிரம் நுரைக்கும், சீக்கிரம் வற்றும். ஸ்டியரிக் சோப்பு அப்படியல்ல. மெதுவாக எழும், குமிழ் கண்ணுக்கே தெரியாத அளவு பொடியாக இருக்கும், கத்தி ஓடி முடிகிற வரைக்கும் உட்காராது. மாட்டுக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டியரிக், நாலில் ஒரு பங்கு பால்மிட்டிக், மீதியில் பெரும்பகுதி வழுக்கல் தரும் ஒலியிக். வேதியியல் தெரியாத காலத்திலேயே கசாப்புக் கடைக் கொழுப்பு சவரத்துக்கு ஏன் ஒத்துவந்தது என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. பழைய சமையல் குறிப்பின் மேல் செவ்ரோலின் அமிலத்தையும் தேங்காய் எண்ணெயையும் கூட்டினால் இன்றைய இத்தாலியச் சவர சோப்பு கிடைத்துவிடும்.

நுரை எழுப்புவது உளுந்து ஆட்டுவதைப் போன்ற வேலை. எடுத்த எடுப்பில் தண்ணீரைக் கொட்டினால் மாவு நீர்த்துப் போகும்; தெளிக்காமல் விட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கத் தெளிக்கத்தான் பொங்கும். ஈர பிரஷை உதறிவிட்டுச் சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றினால் முடிக்கற்றையில் பசை போல ஏறும். அதைக் கிண்ணத்துக்கு மாற்றிச் சொட்டுச் சொட்டாக வெந்நீர் விட்டுச் சுழற்ற வேண்டும். முதலில் குமிழ் பெரிதாக வந்து ‘பொஸ்’ என்று அடங்கும். இன்னும் சில சுற்று, இன்னும் சில சொட்டு. சத்தம் குறையும். கிண்ணத்தில் பிரஷ் போன வழி தடம் தடமாகத் தெரியும். பிரஷைத் தூக்கினால் கெட்டித் தயிர் போல ஒரு கூம்பு நின்று, நுனி மட்டும் லேசாக வளையும். பதம் அதுதான். விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும். காய்ந்த பொடி போல இழுத்தால் தண்ணீர் போதவில்லை. அழகான மலை போல நின்றுவிட்டு வழுக்கலே இல்லாத நுரையும் உண்டு. கண்ணுக்கு விருந்து, கன்னத்துக்கு எரிச்சல்.

இந்த நுரை செய்யும் வேலை தண்ணீரைத் தாடியோடு பிடித்து வைப்பதுதான். ஈரம் குடித்த முடி மெத்தென்று ஆகும், கத்திக்கு எளிதில் வளையும். தண்ணீர் உப்பாக இருந்தால் சங்கடம். அதிலுள்ள கால்சியம் சோப்பைப் பிடித்து வெள்ளை அழுக்காகக் கிண்ணத்தில் ஒதுக்கிவிடும். சென்னையில் போர்த் தண்ணீரில் குளிப்பவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. லண்டன் தண்ணீரும் சுண்ணாம்புப் பாறை ஊறிய கடினத் தண்ணீர்தான். அந்த ஊரில் சோப்புக்காரர்கள் அதையும் வென்றாக வேண்டியிருந்தது.

லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியையும் மேஃபேரையும் சுற்றி நடந்தால் இந்தத் தொழிலின் வம்சாவளியே கடைப் பலகைகளில் தெரியும். மெனோர்கா தீவிலிருந்து வந்த ஹுவான் ஃபமேனியாஸ் ஃப்ளோரிஸ் 1730இல் ஜெர்மின் தெருவில் கடை திறந்தார். டி.ஆர். ஹாரிஸ் 1790இல் மருந்துக் கடையாகத் தொடங்கியது. ட்ரூஃபிட் 1805, டெய்லர் 1854, கர்சன் தெருவின் ட்ரம்பர் 1875. மருந்துக்காரர், வாசனைக்காரர், நாவிதர் என்று மூன்று கைகளும் நெருங்கியிருந்ததால் இங்கே மணத்தில் நிதானமும் தேர்வும் கூடியிருந்தன. சோப்பை உருளைகளுக்கு இடையே பலமுறை அரைத்து, ஈரத்தை வற்றவைத்து, வட்டமாக அழுத்தி, கடைந்த மரக்கிண்ணத்தில் பொருத்திக் கொடுத்தார்கள். ஒரு வட்டம் மாதக் கணக்கில் வரும். ட்ரம்பரின் பட்டியலில் ரோஜா, வயலெட், தேங்காய், பாதாம் என்று மணங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஆண்களின் முகத்துக்கு ரோஜாவா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

லாவெண்டர் அந்த ஊருக்குச் சொந்தப் பூ. லண்டனுக்குத் தெற்கே சர்ரே மாவட்டத்து மிச்சம் கிராம வயல்களின் லாவெண்டர் எண்ணெய் 19ஆம் நூற்றாண்டில் பேர்பெற்றது. சந்தனமோ கடல் தாண்டிப் போனது. அந்த மணத்துக்கு வேர் நம் பக்கத்து மலைகளில் இருக்கிறது: மைசூர், குடகு, சத்தியமங்கலம், ஜவ்வாது மலை. 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசு மரமாக அறிவித்தார். பிறகு வந்தவர்களும் அந்த உரிமையை விடவில்லை. மரம் ஏலத்தில் வெளிநாடு போய் அங்கேதான் பெரும்பாலும் எண்ணெயாக வடிந்தது. ஜெர்மனி முக்கியமான வாடிக்கையாளர். முதல் உலகப் போர் அந்தக் கடல் வழியை அடைத்தபோது மைசூரில் மரம் தேங்கியது. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரய்யாவும் எண்ணெயை இங்கேயே வடிப்பது என்று முடிவெடுத்தார்கள். 1916இல் எண்ணெய், 1918இல் பெங்களூரில் சோப்பு. மைசூர் சந்தன சோப்பு அந்தப் போரின் பிள்ளை. சவரக் கிண்ணங்களில் சந்தனம் ஏன் இவ்வளவு நிலைத்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மணங்கள் சோப்பில் சில மாதத்தில் மெலிந்துவிடும். சந்தன எண்ணெய் காரத்துக்கு அசராது, வெந்நீர் பட்டதும் மெதுவாக எழுந்து, சவரம் முடிந்தும் தோலில் நிற்கும்.

பிரான்ஸ் கொடுத்தது, இல்லாத ஒரு மணத்தை. 1882இல் ஊபிகான் நிறுவனத்துக்காகப் பால் பார்கே ‘ஃபூஜேர் ருவாயால்’ என்ற வாசனையை உருவாக்கினார். பெயருக்கு ‘அரசப் பெரணி’ என்று பொருள். பெரணிக்குச் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. மணம் இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் கற்பனை செய்தார். லாவெண்டர், ஓக் மரத்துப் பாசி, கூமரின் மூன்றும் அதன் தூண்கள். வெட்டிய வைக்கோலின் இனிப்பு வாசம் தரும் கூமரினை 1868இல் வில்லியம் பெர்க்கின் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியிருந்தார். காட்டு விதையிலிருந்து வந்த பொருள் கண்ணாடிக் குடுவையில் பிறக்கத் தொடங்கியதால்தான் அதைச் சோப்பில் தாராளமாகப் போட முடிந்தது. சில பத்தாண்டுகளில் மேற்கத்தியச் சலூன் என்றாலே இந்த மணம் என்றானது. ஐரோப்பாவில் பலரும் ‘அப்பாவின் வாசனை’ என்று நினைவுகூர்வது பெரும்பாலும் பார்கேயின் கற்பனைப் பெரணியைத்தான்.

அமெரிக்கா தன் பங்குக்கு ஒரு கோப்பையைக் கொடுத்தது. கனெக்டிகட் மாநிலத்தில் 1840களில் ஜே.பி. வில்லியம்ஸ் சவரத்துக்கென்றே சோப்பு செய்து விற்கத் தொடங்கினார். கோப்பைக்குள் போட்டு நுரைக்கும் வட்டச் சோப்பு அங்கிருந்துதான் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சலூனின் சுவரில் ஓர் அடுக்கு இருக்கும். அதில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கோப்பை, தங்க எழுத்தில் பெயர். தொழிலையும் படமாகத் தீட்டியிருப்பார்கள்: கசாப்புக்காரருக்குக் காளை, ரயில் ஓட்டுநருக்கு எஞ்சின், தபால்காரருக்குக் கடிதப் பை. வெறும் வெள்ளைக் கோப்பைகள் பிரான்சின் லிமோஜ் போன்ற இடங்களிலிருந்து வரும். செயின்ட் லூயிஸின் கோக்கன் போன்ற சலூன் சாமான் கடைகள் அவற்றில் படம் எழுதிக் கொடுக்கும். ஒருவர் முகத்துச் சொறி இன்னொருவருக்குத் தொற்றிவிடுமோ என்ற பயமே தனிக் கோப்பைக்குக் காரணம் என்று சொல்வார்கள். சனிக்கிழமை மாலை அந்த அடுக்கைப் பார்த்தாலே ஊரில் யார் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்துவிடும். ஒரு சிற்றூரின் தொழிற்கணக்கைச் சோப்புக் கோப்பைகள் இப்படிச் சுமந்ததுண்டு.

அந்த அடுக்கைக் காலி செய்தவர் கிங் ஜில்லெட். 1903இல் அவர் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் வீரர்களுக்கு 35 லட்சம் ரேசர்களையும் 3 கோடியே 20 லட்சம் பிளேடுகளையும் வழங்கியது. தினமும் தானே முகம் மழிக்கப் பழகியவர்கள் ஊர் திரும்பியதும் சலூனுக்கு முடிவெட்ட மட்டும் போனார்கள். அதே போரில் இன்னொரு சோகமும் நடந்தது. நல்ல பிரஷ் முடி கிடைக்காமல் கிருமி நீக்காத குதிரை முடியில் செய்த மலிவுப் பிரஷ்கள் வந்தன. அவற்றின் வழியே ஆந்த்ராக்ஸ் பரவி வீரர்கள் உயிரிழந்தார்கள்.

பிறகு பிரஷே வேண்டாம் என்றார்கள். 1919இல் பார்பசால் கிரீம், 1925இல் பர்மா-ஷேவ் கிரீம். 1950ஐ ஒட்டி டப்பாவை அழுத்தினால் வாயுவே நுரையைத் தள்ளிவிடும் ஏற்பாடும் வந்துவிட்டது. வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நுரையில் காற்று அதிகம், தண்ணீர் குறைவு. கையின் பங்கு போனதும் பதம் என்ற பேச்சே போனது. மணமும் எல்லா டப்பாவிலும் ஒரே மெந்தால் வாடையாகச் சுருங்கியது. 1938இல் வந்த ஓல்டு ஸ்பைஸின் கப்பல் படம் போட்ட சவரக் கோப்பை மட்டும் கொஞ்ச காலம் பழைய முறைக்குத் துணை நின்றது.

அந்த முறையை அழியாமல் காத்தவர்கள் மத்தியதரைக் கடலோரத்து நாவிதர்கள். சவரத்துக்குச் சலூனுக்குப் போகும் பழக்கம் அங்கே அறுபடவில்லை. 1908இல் ஃபுளோரன்ஸில் தொடங்கிய மார்தெல்லி குடும்ப நிறுவனம் 1948இல் ப்ரொராசோ கிரீமைக் கொண்டுவந்தது. யூகலிப்டஸும் மெந்தாலும் கலந்த அந்தக் குளிர்ச்சி பாதாமுக்கு நேர் எதிர்த் துருவம். துருக்கியில் 1957 முதல் ஆர்கோ. வெள்ளிக் காகிதம் சுற்றிய குச்சிச் சோப்பு; கிண்ணமே வேண்டாம், ஈரத் தாடியில் நேரே தேய்த்து அங்கேயே பிரஷால் நுரைக்கலாம். விலையும் மலிவுதான். மணம் எலுமிச்சைப் புல்லும் பழைய துணி சோப்பும் சேர்ந்த மாதிரி, பலருக்குப் பிடிக்காது. ஆனால் நுரை! மாட்டுக் கொழுப்பும் ஸ்டியரிக்கும் சேர்ந்த அந்தக் கெட்டி நுரை, பத்து மடங்கு விலையுள்ள சோப்புகளுக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்கும். மணத்துக்கும் நுரைக்கும் தனித்தனித் தாய்வீடு என்பதற்கு ஆர்கோவைவிட நல்ல சாட்சி இல்லை.

இந்த நூற்றாண்டில் இரண்டு பக்கமும் அடி விழுந்தது. 2000களில் லண்டன் கடைகள் பலவும் மாட்டுக் கொழுப்பை விட்டுப் பனை எண்ணெய்க்கு மாறின. பெட்டி அதே, மணம் அதே; நுரை மட்டும் மெலிந்துவிட்டது என்று பழைய வாடிக்கையாளர்கள் வருந்தினார்கள். ஜெர்மனியின் டபாக் 1959 முதல் பேர்வாங்கிய சோப்பு. அதுவும் பிற்பாடு கொழுப்பில்லாத முறைக்கு மாறியபோது பழைய கட்டிகளைத் தேடித் தேடி வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. மணத்தின் பக்கம் விழுந்த அடி சட்டத்திலிருந்து வந்தது. ஓக் பாசியிலுள்ள அட்ரனால், குளோரோ அட்ரனால் ஆகியவை தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதால் 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றை விலக்கியது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவை உள்ள சரக்கைக் கடையில் வைக்கவே கூடாது. பார்கேயின் பெரணிக்கு மூன்று தூண்களில் ஒன்றைச் செதுக்கி மாற்ற வேண்டியதாயிற்று. தோலைக் காப்பது நியாயமான காரணம். ஆனாலும் நூறாண்டு மணம் ஒன்று கைநழுவும்போது வலிக்கத்தான் செய்கிறது.

கொழுப்புக் கேள்வியை இந்தியா வெகு முன்பே சந்தித்துவிட்டது. மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் முகத்தில் படக்கூடாது என்பவர்கள் நிறைந்த நாட்டில், அர்தேஷிர் கோத்ரெஜ் 1919ஐ ஒட்டித் தாவர எண்ணெயில் மட்டும் செய்த ‘சாவி’ சோப்பைக் கொண்டுவந்தார். தாவர எண்ணெயில் நல்ல சவர நுரை வராது என்பதும் சரியல்ல. பிரான்சின் ஃபோன்தெவ்ரோ அருகே 1974இல் தொடங்கிய மார்த்தன் து காந்த்ர் பட்டறை தேங்காய் எண்ணெயையும் ஸ்டியரிக் அமிலத்தையும் கொப்பரையில் காய்ச்சிப் பொறுமையாக ஆறவைத்து எடுக்கும் சோப்பின் நுரை, சவர சோப்புப் பிரியர்களிடையே உரைகல்லாகவே பேசப்படுகிறது. பனை எண்ணெய்க்கு மாறியவர்கள் இழந்தது கொழுப்பை மட்டுமல்ல. காரத்தையும் ஸ்டியரிக்கையும் புது எண்ணெய்க்கு ஏற்ப மறுபடி எடைபோடும் பொறுமையையும் இழந்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

அந்த எடைபோடும் வேலையைத்தான் கடந்த இருபது வருடங்களாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சின்னச் சின்னப் பட்டறைகள் கையில் எடுத்திருக்கின்றன. ஓர் அடுப்பு, ஒரு பெரிய பாத்திரம், ஒரு தராசு. மாட்டுக் கொழுப்போடு ஆட்டுப்பால், கம்பளி மெழுகு, ஷியா வெண்ணெய், விளக்கெண்ணெய், சில இடங்களில் வாத்துக் கொழுப்பு வரை போட்டுப் பார்க்கிறார்கள். முதலில் அடித்தளம் என்று ஒன்றை முடிவு செய்கிறார்கள். மணமே சேர்க்காமல் அதை நுரைத்து, வழுக்கல் பார்த்து, சவரம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கன்னத்தைத் தடவிப் பார்த்துத் திருத்துகிறார்கள். அதன் பிறகே மணம். ஒரே அடித்தளத்தில் பத்து மணங்கள் வரும்போது ஒப்பிடுபவருக்கும் வேலை தெளிவாகிறது: வெனிலா சேர்த்த கட்டி மட்டும் ஏன் சில வாரத்தில் காப்பி நிறமாகிறது, எலுமிச்சை ஏன் முதலில் ஓடிப்போகிறது, கிராம்பு சேர்த்தது ஏன் சிலருக்குக் கன்னத்தில் காந்துகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

சந்தனத்தில்தான் இவர்கள் திணறுகிறார்கள். காட்டுச் சந்தனம் வெட்டி வெட்டிக் குறைந்து, 1998 முதல் அழிவை நோக்கும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. வைரம் ஏற வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டிய மரம், தனக்குப் பக்கத்தில் வேறொரு செடியின் வேரை உறிஞ்சித்தான் வளரும், அவசரப்படுத்த முடியாது. 1990களின் கடைசியிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் கனனுர்ரா பகுதியில், பாசன வசதியோடு நம் சந்தன இனத்தையே தோட்டம் தோட்டமாக நட்டு வளர்த்து வருகிறார்கள். அந்த எண்ணெயும் விலை உயர்ந்ததுதான். ஒரு பாத்திரச் சோப்புக்குச் சில துளி மெய்யான சந்தனம், மீதிக்கு ஆய்வுக்கூடச் சந்தனம் என்று கலக்கிறவர்கள் உண்டு. மூடியைத் திறந்து முகர்ந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது கடினம். ஆனால் வெந்நீர் பட்டு, பிரஷ் சுழன்று, நுரை கன்னத்தில் ஏறிய பிறகு, ஆய்வுக்கூடச் சந்தனம் முதல் மழிப்பிலேயே கூர்மையாக எழுந்து நின்றுவிடும். மரத்தின் சந்தனம் முகம் கழுவித் துண்டால் ஒற்றும்போதுதான், பால் காய்ந்த வாசம் போல, மெல்ல வரும்.